மூன்று பூதம் குடியிருக்கும் பெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ராண்டல் ஆர்எம்100 என்ற கிதார் ஆம்ப்ளிஃபயர் மேல் எனக்குப் பித்து. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற கனம், சென்னை வெயில் போதாதென்று தன் பங்குக்கு அது விடுகிற சூடு, சோபா போட வைத்திருந்த இடத்தை மொத்தமாக வளைத்துப்போட்ட உருவம், எல்லாமே எனக்கு அழகாகத்தான் தெரிகிறது. வீட்டில் மற்றவர்களைக் கேட்டால் வேறு மாதிரியான கட்டுரை கிடைக்கும்.

அதன் முகப்பில் மூன்று பொந்துகள். ஒவ்வொன்றிலும் ஒரு மாட்யூலைச் செருகலாம். மாட்யூல் என்றால் உள்ளே இரண்டு வால்வு, முகத்தில் ஐந்து குமிழ், ஓரிரண்டு குட்டி சுவிட்சு, முதுகில் ஒரு கனெக்டர், அவ்வளவுதான். ஒரு பொந்தில் அறுபதுகளின் ஃபெண்டர், அடுத்ததில் ஹெண்ட்ரிக்ஸ் காலத்து மார்ஷல், மூன்றாவதில் தொண்ணூறுகளின் மெட்டல் உறுமல். காலால் ஒரு சுவிட்சை மிதித்தால் ஒரு பூதம் உள்ளே போய் இன்னொன்று வெளியே வரும்.

கிதார் வாசிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. எலெக்ட்ரிக் கிதாரில் கம்பி அதிர்ந்து பிக்கப்பில் உண்டாகும் மின்சாரம் பரிதாபமாகச் சின்னது. அதை முதலில் ப்ரீஆம்ப் வாங்கி வளர்க்கிறது. குரலின் குணம், கரகரப்பு, இனிப்பு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது. அதற்குப் பிறகு பவர் பகுதி அதைப் பிடித்து ஸ்பீக்கரைத் தள்ளும் பலமாக மாற்றுகிறது. மற்ற ஆம்ப்களில் இந்த இரண்டும் ஒரே உடம்பு. இங்கே முறுக்கு நாழி மாதிரி: நாழியும் பிடிக்கிற கையும் மாறுவதில்லை, அச்சுத் தட்டை மாற்றினால் தேன்குழல், ஓமப்பொடி, நாடா என்று ஆளே மாறிவிடும். மாவு என்னவோ நம் விரல்தான்.

இந்த யோசனை ராண்டலுடையதல்ல. எண்பதுகளிலேயே, பிக்கப் செய்வதில் பேர்போன சீமோர் டங்கன் நிறுவனம் ‘கன்வெர்ட்டிபிள்’ என்று மாட்யூல் செருகும் ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் இதை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் மிச்சிகனைச் சேர்ந்த புரூஸ் எக்னேட்டர். முதலில் ஒரே பெட்டிக்குள் நாலு சேனல் வைத்த ஐஇ4 ப்ரீஆம்ப், பிறகு ப்ரீஆம்பையே கழற்றி மாட்டும்படி செய்த மாட்யூல்கள். 2000களின் முதல் பாதியில் அவருடைய வடிவமைப்பை உரிமம் வாங்கி ராண்டல் தன் பெயரில் விற்கத் தொடங்கியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபெண்டரின் விற்பனைத் தலைவராக இருந்த டான் ராண்டல் தொடங்கிய இந்த நிறுவனத்துக்குப் புகழ் சேர்த்ததே டிரான்சிஸ்டர் ஆம்ப்கள்தாம். பான்டெரா குழுவின் டைம்பேக் டாரெல் அந்த ரம்பச் சத்தத்தை எடுத்ததெல்லாம் வால்வே இல்லாத ராண்டலில். அந்தக் கம்பெனிதான் பின்னால் வால்வு மாட்யூலுக்கு இவ்வளவு பெரிய கதவைத் திறந்துவிட்டது. இப்போது அந்தத் தொடர் நின்றுபோய்விட்டது. பொறுப்பை சினர்ஜி என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டு, சோல்டானோ, ஃப்ரீட்மன், டீஸல், பாக்னர் என்று பெரிய கைகள் பெயரிலேயே மாட்யூல் போடுகிறது.

என் பெட்டி அமெரிக்காவில் விற்றது, பழையது, 120 வோல்ட்டுக்குப் பிறந்தது. நம் சுவரில் இருப்பது 230. ‘ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கிப் போட்டால் முடிந்தது’ என்று சொல்வார்கள். முடியாது. வோல்ட்டை மாற்றலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. அங்கே 60, இங்கே 50. அறுபதுக்கு என்று சுற்றிய மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஐம்பதில் அதே வோல்ட்டைக் கொடுத்தால் அதன் இரும்புக்கருவில் காந்தப்பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடும், சூடேறும், ரீங்கரிக்கும். அதனால் வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பது நல்லது. ரொம்பக் குறைத்தால் வால்வின் ஹீட்டருக்குப் போகும் 6.3 வோல்ட் சரிந்துவிடும். அது பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. 115 கொடுத்தால் ஹீட்டருக்கு 6 வோல்ட்டுக்குச் சற்று மேலே கிடைக்கும், இரும்பும் பிழைக்கும். கணக்கு தெரிந்ததும் ரிச்சி தெருவுக்குப் போய், சுற்றித் தருகிற கடைக்காரரிடம் 110, 115, 120 என்று மூன்று டேப் வைத்து, எர்த்தை அறுக்காமல் நேரே கொண்டுபோகும்படி, 750 விஏவில் ஒன்று கேட்டேன்.

“எதுக்கு சார் இவ்ளோ பெருசு? ஃபிரிட்ஜா?”

“கிதார் ஆம்ப்ணே.”

“கிதாருக்கா?” என்று என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் செய்து கொடுத்த சாமான் தங்கம். மணிக்கணக்காக ஓடினாலும் கை வைத்தால் வெதுவெதுப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அப்பாதான் இந்தப் பெட்டியின் முதல் ரசிகர் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பின்பக்கக் கம்பிவலை வழியாக ஆரஞ்சுப் புள்ளிகள் எழுவதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “நம்ம மர்ஃபி ரேடியோ மாதிரியே இருக்குடா. சூடாகட்டும், அவசரப்படாதே” என்றார். வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பொறுமை இயல்பாகவே வரும். எல்லோருக்கும் முன்னால் எழுந்து ரேடியோவைப் போட்டுவிட்டு, அது வாய் திறப்பதற்குள் பல் தேய்த்து முடிக்கிற தலைமுறை. இதிலும் அதே நியாயம்தான். முதலில் பவர் சுவிட்சு, ஹீட்டர் சிவக்கும். ஒரு நிமிடம் போல விட்டு ஸ்டான்ட்பையை எடுத்தால் உயர் மின்னழுத்தம் உள்ளே இறங்கும். கண்ணாடிக்குள் சூடான கேத்தோடு எலெக்ட்ரான்களை உதிர்க்கிறது, தகடு அவற்றை இழுக்கிறது, நடுவே இருக்கும் கிரிடு என்ற கம்பிவேலிக்குத்தான் கிதாரின் மெல்லிய சிணுங்கல் போகிறது. வேலியின் சின்ன அசைவு, தகட்டில் பெரிய அலை. ப்ரீஆம்பில் வரும் 12ஏஎக்ஸ்7 வால்வுக்குள் இப்படி இரண்டு அமைப்புகள். ஒவ்வொன்றின் பெருக்கக் காரணி 100. ஒரு மாட்யூலில் இரண்டு வால்வு, ஆக நாலு படிகள். இந்த நாலு படியை எந்த வரிசையில், எவ்வளவு ஆவேசமாக, நடுவே எதை வைத்துக் கோப்பது என்பதுதான் ஃபெண்டருக்கும் மார்ஷலுக்கும் மெட்டல் உறுமும் மெஸாவுக்கும் உள்ள வித்தியாசம்.

அமைப்பதில் மாற்றவே கூடாத ஒழுங்கு ஒன்று உண்டு: ஸ்பீக்கர் முதலில். டிரான்சிஸ்டர் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் சும்மா இருக்கும். வால்வு ஆம்பை அப்படி விட்டு வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் போக வழியில்லாத மின்னழுத்தம் எகிறி, சுற்றையோ வால்வு சாக்கெட்டையோ எரித்துவிடும். ஸ்பீக்கர் பெட்டி 16 ஓம் என்றால் ஆம்பும் 16. இந்த விஷயத்தில் ‘ஏறக்குறைய’ என்று எதுவும் இல்லை. மாட்யூலை மாற்றும்போதும் பவரை அணைத்துவிட்டுத்தான். அந்தக் கனெக்டர் வழியே போவது நூற்றுக்கணக்கான வோல்ட். பெட்டியைத் திறந்து உள்ளே கை வைக்கிற வேலையை மட்டும் நான் செய்வதில்லை. அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்கிற அளவு மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் வால்வு ரேடியோ பார்க்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். அவர்தான் திறந்து அளந்தார். “ஒரு கை எப்பவும் பேன்ட் பாக்கெட்டுல இருக்கணும் தம்பி. ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா நெஞ்சு வழியாப் பாயும்.” சொல்லிக்கொண்டே இடது கையைப் பையில் விட்டுக்கொண்டு வேலை செய்ததைப் பார்க்க வேண்டும், ஒரு கச்சேரி பார்த்த மாதிரி.

இனி எனக்கு உண்மையாகவே கிறுக்குப் பிடிக்க வைத்த இடம். இந்த ஆம்பின் பவர் பகுதியில் நாலு வால்வு, அவை இரண்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி பயாஸ். வால்வு சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று நிர்ணயிப்பதுதான் பயாஸ். குறைந்தால் சத்தம் வறண்டு ஈயைப் போல் ரீங்கரிக்கும். கூடினால் தகடு செக்கச்செவேலென்று பழுத்து வால்வு சீக்கிரம் செத்துப்போகும். இரண்டு பயாஸ் இருப்பதால் ஒரு ஜோடி 6எல்6, இன்னொரு ஜோடி இஎல்34 என்று கலந்து போடலாம்! ஃபெண்டரின் அமெரிக்க அடிவயிற்றுக் கனமும் மார்ஷலின் பிரிட்டிஷ் நடுக்குரலும் ஒரே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் கைகோக்கின்றன. புஷ்-புல் அமைப்பில் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டுமென்பதால், பக்கத்துக்கு ஒன்றாக வரும்படி ஜோடியைப் பிரித்து உட்காரவைக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

கணக்கு எளிது. தகட்டில் 450 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இஎல்34இன் தகடு தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம் என்றால் 17.5 வாட். 450ஆல் வகுத்தால் ஏறக்குறைய 39 மில்லி ஆம்பியர். 6எல்6ஜிசி 30 வாட் தாங்கும். அதே வழியில் 46 சொச்சம். அதுதான் மேல் எல்லை. நான் இரண்டையும் அதற்குச் சற்றுக் கீழேயே வைக்கிறேன், கோடையில் இன்னும் கொஞ்சம் கீழே. பின்பக்கம் மல்டிமீட்டர் முனையை வைத்து, சின்ன ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பும்போது எண் ஊர்ந்து ஏறுவதைப் பார்ப்பதில் இருக்கும் சுகத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னேன். மனைவி, “உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்றாள்.

சரி, வாசிப்புக்கு வருவோம். முதல் பொந்தில் பிளாக்ஃபேஸ். அறுபதுகளின் நடுவில் ஃபெண்டர் போட்ட ஆம்ப்களின் வழிவந்தது. ஃபெண்டரின் அந்தச் சுற்றில் பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் முதல் படி முடிந்த உடனேயே வந்துவிடும். சத்தம் கெடுவதற்கு முன்பே நடுப்பகுதியைச் செதுக்கி எடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் ஸ்ட்ராட்டோகாஸ்டரை மாட்டி ஒரு கம்பியை மீட்டினால் மேலே கண்ணாடி, கீழே பஞ்சு, நடுவே நிறையக் காற்று. ஒரு மேஜர் செவன்த் கார்டைத் தட்டிவிட்டு அப்படியே விட்டுப் பாருங்கள். நாலு சுரமும் தனித்தனியாக நின்று பேசும்.

நடுப் பொந்தில் மார்ஷல் வழிவந்த பிளெக்ஸி. இது எப்போது போட்டாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, சந்தோஷச் சிரிப்பு. இதன் பூர்வீகமும் ஃபெண்டர்தான். லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்து 1962இல் ஜேடிஎம்45ஐச் செய்ய வைத்தார். அந்தப் பரம்பரையில் டோன் குமிழ்கள் வருவது சத்தம் நன்றாக முறுக்கேறிய பிறகு. பேப்பரில் பார்த்தால் வரிசை மாற்றம், அவ்வளவுதானே என்று தோன்றும். காதில் உலகமே மாறிவிடுகிறது! நடுக்குரல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும். கெயினை முக்கால் வைத்து, கிதாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் கிட்டத்தட்டத் தெளிவு. முழுக்கத் திறந்தால் கர்ஜனை. கால் சுவிட்சே வேண்டாம், சுண்டுவிரல் போதும். மோகனத்தில் ஒரு காந்தாரத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். சாதாரணமாக எலெக்ட்ரிக் கிதாரில் கமகம் முடிவதற்குள் சுரம் செத்துவிடும். இங்கே வால்வு தன் எல்லையில் மெல்ல அமுங்கி, சத்தத்தின் உச்சியைத் தட்டையாக்கி வாலை நீட்டிக்கொடுப்பதால், அசைவு முடிந்த பிறகும் சுரம் நிற்கிறது. இழுத்துக்கொண்டே போகலாம். கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிதாரில் கொண்டுவருவோருக்கு இதைவிட நல்ல தோழன் இருக்க முடியாது என்று அடித்துச் சொல்வேன்.

மூன்றாவது டிரெட்பிளேட். மெஸாவின் ரெக்டிஃபயர் குடும்பத்துக் குரல். அந்தக் குடும்பத்துக்கு மூத்தது 1987இல் மைக் சோல்டானோ கொண்டுவந்த எஸ்எல்ஓ-100. அதில் ஒரு படியின் கேத்தோடில் 39 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டிருப்பார். சாதாரணமாக அந்த இடத்தில் ஒன்றோ இரண்டோ கிலோ ஓம்தான் இருக்கும். இவ்வளவு பெரியதைப் போட்டால் அந்தப் படி பாதி மூச்சில் இயங்கி, அலையின் ஒரு பக்கத்தை மட்டும் கத்தரித்துவிடும். ஒரேயொரு ரெசிஸ்டர்! அதிலிருந்து ஒரு தலைமுறை மெட்டல் பிறந்தது. டிரெட்பிளேட்டைப் போட்டு, கீழ்க் கம்பியை உள்ளங்கையால் அமுக்கி அடித்தால் ஜன்னல் கம்பி அதிர்கிறது. கெயினைப் பாதிக்கு மேல் ஏற்றவேண்டிய அவசியமே இல்லை. ஏற்றினால் சத்தம் பெரிதாகாது, சேறாகும்.

மூன்றையும் மாற்றி மாற்றி வாசிக்கும்போதுதான் இந்தப் பெட்டியின் உண்மையான பெருமை தெரிகிறது. மூன்று ஆம்ப் வாங்கி வைத்திருந்தால், வித்தியாசம் வால்விலிருந்து வந்ததா, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தா, ஸ்பீக்கரிலிருந்தா என்று யாரால் சொல்ல முடியும்? இங்கே பின்னால் இருப்பதெல்லாம் ஒன்றே. காதில் விழும் மாற்றம் முழுக்க அந்த நாலு படிகளுடையது. அப்படியே திருப்பியும் செய்யலாம்: மாட்யூலைத் தொடாமல் பவர் வால்வை மட்டும் மாற்றலாம், அல்லது டென்சிட்டி குமிழைத் திருப்பி அடிச்சத்தம் எங்கே இறுகுகிறது என்று பார்க்கலாம். எத்தனையோ வருஷமாகக் கிதார் பத்திரிகைகளில் படித்த சொற்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் காது கிடைத்தது எனக்கு.

இவ்வளவு புகழ்ந்ததால் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். டாப் பூஸ்ட் என்று வாக்ஸ் ஏசி30ஐ நினைத்துச் செய்த மாட்யூல் ஒன்றும் என்னிடம் உண்டு. நல்ல குரல்தான், பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் வாக்ஸின் மந்திரத்தில் பாதி அதன் பவர் பகுதியில் இருக்கிறது: சின்ன இஎல்84 வால்வுகள், நெகட்டிவ் ஃபீட்பேக் இல்லாத அமைப்பு. மாட்யூல் அந்தப் பாதியைச் சுமந்து வராது. யாராவது ‘அச்சு அசல் ஏசி30’ என்று இதை உங்களிடம் விற்க வந்தால் சிரித்துவிட்டு பிளெக்ஸி கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். 100 வாட் வால்வு ஆம்ப் அடுக்குமாடிக்கு ஆகாது என்பது சரி. 50 வாட் வாங்கியிருக்கலாமே என்பது சரியல்ல. வாட்டைப் பாதியாக்கினால் குறைவது 3 டெசிபல்தான். காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரிய வாட்டைப் பத்தில் ஒன்றாக்க வேண்டும். ஸ்பீக்கரை மாற்றினாலே, வாட்டைப் பாதியாக்கும் பலன் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். செலெஸ்டியன் விண்டேஜ் 30 ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 100 டெசிபல் தருகிறது, கிரீன்பேக் 98. என்னிடம் இருப்பது கிரீன்பேக். ஒன்று 25 வாட் தாங்கும், பெட்டியில் நாலு. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஓர் அட்டெனுவேட்டர். பவர் வால்வுகள் வியர்க்க வியர்க்க உழைக்கும், வெளியே வருவது டிவி சத்தம். ஹெட்ஃபோன் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மட்டும், மேல்வீட்டுத் தாத்தா அனுமதியோடு, கொஞ்சம் திறந்துவிடுவேன். அவர் கேட்பது பிளாக்ஃபேஸ்தான். டிரெட்பிளேட் போட்டால் தரையைத் தட்டுவார்.

மாட்யூலைக் காலால் மாற்ற உதவும் மிடி இணைப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கால் பலகையில் ஒரு பொத்தான் ஒரு மாட்யூல், ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் மறக்காது.

“கைப்பேசி அளவு டிஜிட்டல் பெட்டியில் நூறு ஆம்ப் வருகிறதே” என்று தம்பிகள் கேட்கிறார்கள். வருகிறது, அவை நன்றாகவும் இருக்கின்றன. மேடைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் நானும் அதைத்தான் எடுத்துப்போவேன். ஆனால் அதில் நூறு ஆம்பையும் அரை மணியில் புரட்டிவிட்டு ஒன்றிலும் தங்காமல் எழுந்து வருகிறேன். இங்கே மூன்றே மூன்று. மாற்ற வேண்டுமென்றால் அணைத்து, காத்திருந்து, திருகைத் தளர்த்தி, உருவி, செருகி, மறுபடி சூடேற்ற வேண்டும். அதனால் ஒன்றோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறேன்.

வால்வு கிடைக்குமா என்ற பயம் நியாயமானது. இன்று உலகத்துக்கு வால்வு வருவது ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சரடோவ் தொழிற்சாலை, சீனா என்று விரல்விட்டு எண்ணும் இடங்களிலிருந்துதான். 2022இல் ரஷ்யாவிலிருந்து ஏற்றுமதி நிற்கும் என்ற செய்தி வந்ததும் கிதார் உலகமே கலங்கி, விலை எகிறியது. ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸே ரேடியோ வால்வு செய்துகொண்டிருந்தது. அந்த நாளில் நான் கிதார் எடுத்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. ப்ரீஆம்ப் வால்வு வருஷக்கணக்கில் உழைக்கும், கவலையில்லை. பவர் வால்வில் ஒரு செட் எப்போதும் பீரோவில், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில். எனக்கு அந்த இடம் கிடைத்ததே பெரிய பேச்சுவார்த்தைக்குப் பிறகு.

இப்போது மனசு ஜேடிஎம் மாட்யூல் மேல் இருக்கிறது. பிளெக்ஸிக்கு அண்ணன், இன்னும் உருண்டையான குரல். பெங்களூருவில் ஒருவரிடம் இருப்பதாகத் தகவல். விற்கமாட்டாராம், ஆனால் மாற்றிக்கொள்வாராம். டாப் பூஸ்ட்டைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டேன். பிருந்தாவனில் டிக்கெட்டும் போட்டாயிற்று.